மறுத்தவர்கள் வாங்கித் தந்த உரிமைகள்

கேள்வி: என் மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுக்கு அமெரிக்கச் சட்டம்தான் முன்மாதிரி என்று அவன் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 1787-இல் எழுதிய அமெரிக்கச் சட்டத்தில் பேச்சுரிமையும் இல்லை, பத்திரிகைச் சுதந்திரமும் இல்லை. பிறகுதான் சேர்த்திருக்கிறார்கள். அத்தனை மேதைகள் கூடி எழுதியதில் இது எப்படி விடுபட்டது? சேர்த்தவர் ஜேம்ஸ் மாடிசன் என்கிறார்கள். அவரே முதலில் அதை எதிர்த்தார் என்றும் படித்தேன். எது சரி? அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதிய உரிமைக்கு என்ன மதிப்பு என்று மகன் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அது விடுபட்டுப் போகவில்லை. வேண்டாம் என்று வாக்களித்தே ஒதுக்கினார்கள்.

1787 செப்டம்பர் 12. ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா மாநில அரசு மாளிகை. மே 25 முதல் கதவை அடைத்துக்கொண்டு, உள்ளே பேசுவது ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு விவாதித்து ஓய்ந்துபோன பிரதிநிதிகள், சட்டத்தின் இறுதி வரைவைக் கையில் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஊர் போய்ச் சேரும் நினைப்பு. அப்போது வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பேசினார். அறுபதைக் கடந்தவர், கீல்வாதத்தால் அவதிப்பட்டவர், பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரர். 1776 ஜூனில் வர்ஜீனியாவுக்கென உரிமைப் பிரகடனம் ஒன்றை வரைந்து கொடுத்தவர். ஜெஃபர்சன் எழுதிய சுதந்திரப் பிரகடனத்துக்கே அது சில வாரங்கள் மூத்தது.

இந்தச் சட்டத்தின் முகப்பிலும் ஓர் உரிமைச் சாசனம் இருந்தால் மக்கள் மனம் அமைதிப்படும் என்றார் மேசன். மாநிலங்களின் பிரகடனங்கள் கைவசம் இருக்கின்றன; அவற்றைப் பார்த்துச் சில மணி நேரத்தில் எழுதி முடித்துவிடலாம் என்றும் சொன்னார். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார், மேசன் வழிமொழிந்தார். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் எழுந்து, மாநிலங்களின் பிரகடனங்களை இந்தச் சட்டம் ரத்து செய்யவில்லையே, அவையே போதும் என்றார். வாக்கெடுப்பு மாநில வாரியாக நடந்தது. எதிராக 10 மாநிலங்கள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. மேசனின் சொந்த வர்ஜீனியாவும் எதிர்த்தே வாக்களித்தது. வாஷிங்டனும் மாடிசனும் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.

களைப்பும் அவசரமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவர்களிடம் வாதமும் இருந்தது. அதை நியாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். மன்னர் ஆட்சியில் எல்லா அதிகாரமும் மன்னரிடம் இருக்கிறது, ஆகவே அவரிடமிருந்து இன்னின்ன உரிமைகள் என்று எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே அதிகாரம் மக்களிடம். அவர்கள் சில அதிகாரங்களை மட்டும் மத்திய அரசுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையே கொடுக்காதபோது, பத்திரிகையைக் கட்டுப்படுத்தாதே என்று எதற்காக எழுத வேண்டும்? இப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். பட்டியல் போடுவதில் ஆபத்தும் உண்டு என்றார் அவர். ஒன்றைத் தடுத்து எழுதினால், எழுதாததற்கெல்லாம் அரசுக்கு அதிகாரம் இருப்பதாக ஒரு நாள் யாராவது வாதிடுவார்கள் என்றார்.

புத்திசாலித்தனமான வாதம்தான். ஆனால் எதிர்த்தரப்பு அதன் பலவீனத்தை உடனே பிடித்துக்கொண்டது. மூலச் சட்டத்திலேயே சில தடைகள் எழுதப்பட்டிருந்தன. ஆட்கொணர்வு மனு உரிமையைச் சாதாரண காலத்தில் நிறுத்திவைக்கக் கூடாது. செய்தபோது குற்றமாக இல்லாததைப் பின்னால் சட்டம் போட்டுக் குற்றமாக்கக் கூடாது. பதவிக்கு வர மதச் சோதனை வைக்கக் கூடாது. கொடுக்காத அதிகாரத்தைத் தடுத்து எழுத வேண்டியதில்லை என்றால் இவற்றை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு ஹாமில்டன் அணி கடைசிவரை திருப்தியான பதில் தரவில்லை என்பது என் கருத்து. நாங்கள் நல்ல எண்ணத்தோடு செய்கிறோம், எங்களை நம்புங்கள் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். அரசியலில் அது எந்தக் காலத்திலும் போதாது.

செப்டம்பர் 17-இல் 39 பேர் கையெழுத்திட்டார்கள். அறையில் இருந்தும் கையெழுத்திட மறுத்தவர்கள் மூவர்: மேசன், கெர்ரி, வர்ஜீனியாவின் ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப். அச்சிட்ட வரைவுத் தாளின் பின்பக்கத்திலேயே மேசன் தன் ஆட்சேபங்களை எழுதிவைத்தார். இதில் உரிமைப் பிரகடனம் இல்லை என்பதே அதில் முதல் ஆட்சேபம். அதன் பிரதி ஒன்றை வாஷிங்டனுக்கும் அனுப்பினார். பொடோமாக் ஆற்றங்கரையில் இருவர் பண்ணைகளும் சில மைல் தொலைவில்தான். பல்லாண்டு நட்பு அதோடு முறிந்தது. மத்திய அரசில் எந்தப் பதவியும் வகிக்காமலே மேசன் 1792-இல் இறந்தார். பள்ளிப் பாடங்களில் அவர் பெயர் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

சட்டம் மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனபோதுதான் மேசன் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. சந்தையிலும் மதுக்கடையிலும் தேவாலய வாசலிலும் மக்கள் கேட்ட முதல் கேள்வியே, எங்கள் உரிமை எங்கே என்பதுதான். மாசசூசெட்ஸில் திருத்தங்களையும் சேர்த்துப் பரிந்துரைப்பது என்று சமரசம் செய்த பிறகுதான் 187-க்கு 168 என்று ஒப்பேறியது. வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி நாள்கணக்கில் எதிர்த்துப் பேசினார்; 89-க்கு 79. நியூயார்க்கில் 30-க்கு 27, மூன்றே வாக்கு வித்தியாசம். வட கரோலினா, உரிமைகளை முதலில் எழுதுங்கள் என்று சொல்லி ஒப்புதல் தராமலே கலைந்தது. ரோட் தீவோ 1790 மே மாதம் வரை ஒன்றியத்துக்கு வெளியே நின்று, கடைசியில் 34-க்கு 32 என்று உள்ளே வந்தது.

இப்போது மாடிசன். அவர் எதிர்த்ததும் உண்மை, எழுதியதும் உண்மை. இடையில் நடந்ததைத்தான் நீங்கள் மகனுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாடிசனின் தயக்கம் ஹாமில்டனுடையதைப் போன்றதல்ல. வர்ஜீனியாவில் மேசன் எழுதிய பிரகடனம் இருந்தும், பெரும்பான்மை பலம் சேர்ந்தபோதெல்லாம் சட்டமன்றம் அதை மீறியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். காகிதத்தில் போட்ட வேலி பெரும்பான்மையைத் தடுக்காது என்று, அப்போது பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சனுக்கு 1788 அக்டோபரில் எழுதினார். ஜெஃபர்சன் விடவில்லை. உலகில் எந்த அரசானாலும் அதற்கெதிராக மக்களுக்கு இருக்க வேண்டியது உரிமைச் சாசனம் என்று முன்பே எழுதியிருந்தார். 1789 மார்ச்சில் எழுதிய பதிலில் ஒரு முக்கியமான கருத்தைச் சேர்த்தார்: உரிமைகளை எழுதிவைத்தால் அவற்றைக் காக்கும் ஆயுதம் நீதிமன்றத்தின் கையில் கிடைக்கும். பின்னாளில் நாடாளுமன்றத்தில் பேசியபோது மாடிசன் இதையே தன் வாதமாக எடுத்து வைத்தார்.

ஆனால் கடிதங்கள் செய்ததைவிட ஒரு தேர்தல் அதிகம் செய்தது. வர்ஜீனியா சட்டமன்றத்தில் அப்போது பேட்ரிக் ஹென்றி வைத்ததுதான் சட்டம். செனட் உறுப்பினர்களைச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்த காலம் அது. ஹென்றி மாடிசனைச் செனட்டுக்குப் போகவிடாமல் தடுத்தார். அடுத்து, கீழவைக்குத் தொகுதி பிரித்தபோது, மாடிசனின் ஊரான ஆரஞ்சு மாவட்டத்தை, புதிய சட்டத்துக்கு எதிரான மாவட்டங்களோடு சேர்த்துவிட்டார். எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் மன்ரோ. மாடிசனுக்கு நண்பர், போரில் காயம்பட்டவர், வர்ஜீனியா மாநாட்டில் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். இருவருமே பிற்காலத்தில் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள்.

அந்தத் தொகுதியில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் விஷயம் விளங்கும். ஆங்கிலேய ஆட்சியில் வர்ஜீனியாவின் அரசு மதம் இங்கிலாந்துத் திருச்சபை. மற்றவர்களும் அதற்கு வரி கட்ட வேண்டும். உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் போட்டார்கள். கல்பெப்பர் சிறையில் கம்பிகளுக்குப் பின்னாலிருந்தே அவர்கள் வெளியில் கூடிய மக்களுக்குப் பிரசங்கித்தார்கள். 1774 ஜனவரியில், 22 வயது மாடிசன் தன் கல்லூரி நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து மாவட்டச் சிறையில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் மத நம்பிக்கைக்காக அடைபட்டுக் கிடப்பதைச் சொல்லிக் கொதித்திருக்கிறார். அந்த மக்கள்தான் இப்போது அவரிடம், சட்டம் எழுதினீர்களே, எங்கள் வழிபாட்டு உரிமைக்கு அதில் என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள்.

மாடிசன் வாக்குக் கேட்டுப் போக விரும்பாதவர். இந்த முறை போக வேண்டியதாயிற்று. பாப்டிஸ்ட் போதகர் ஜார்ஜ் ஈவுக்கு 1789 ஜனவரி 2-இல் எழுதிய கடிதத்தில், முதல் நாடாளுமன்றமே திருத்தங்களைக் கொண்டுவர வேண்டும், மனச்சாட்சியின் உரிமை முழு அளவில் காக்கப்பட வேண்டும் என்று உறுதி சொன்னார். பிறகு மன்ரோவும் அவரும் சேர்ந்தே ஊர் ஊராகப் போய் எதிரெதிராக வாதிட்டார்கள். ஜெர்மானிய லூத்தரன் குடியிருப்பு ஒன்றில் ஆராதனை முடிந்து இரண்டு பிடில் வாசித்த பிறகு, வெளியே பனியில் நின்றபடி மக்கள் இருவர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். அன்றிரவு 12 மைல் குதிரையில் திரும்பியதில் மாடிசனின் மூக்கு குளிரில் விறைத்துப் புண்ணாகிவிட்டது. முதுமையில் இதைச் சொல்லும்போது அந்தத் தழும்பைக் காட்டுவாராம்.

பிப்ரவரி 2-இல் தேர்தல். மாடிசனுக்கு 1,308 வாக்கு, மன்ரோவுக்கு 972. முந்நூற்றுச் சொச்சம் வாக்காளர்கள் பேசாமல் இருந்திருந்தால் உலகமே அறிந்த அந்தப் பத்துத் திருத்தங்கள் எந்த வடிவில் வந்திருக்கும், வந்திருக்குமா என்றே சொல்ல முடியாது. மாடிசன் மனம் மாறினாரா, வாக்குக்காக வாக்குறுதி தந்தாரா என்று கேட்பார்கள். இரண்டும் கலந்ததுதான். வாக்குறுதியைத் தேர்தலுக்குப் பின் மறக்கவில்லை என்பதுதான் அவரை நான் மதிக்கும் இடம்.

மறந்துவிட நல்ல வசதி இருந்தது. நியூயார்க்கில் கூடிய முதல் நாடாளுமன்றத்தில், ஜூன் 8 அன்று அவர் திருத்தங்களை எடுத்தபோது, சபையில் யாருக்கும் அக்கறை இல்லை. அரசுக்கு வருமானம் இல்லை, சுங்க வரி மசோதா நிற்கிறது, இப்போது இதற்கென்ன அவசரம் என்றார்கள். அவருடைய கட்சிக்காரர்களே சலித்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்புக்கோ மத்திய அரசின் வரி அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தம்தான் தேவை. உரிமைத் திருத்தம் வந்துவிட்டால் தங்கள் கையில் இருக்கும் பெரிய குறை தீர்ந்துபோகுமே என்ற கவலை. மாடிசன் மீண்டும் மீண்டும் எழுந்து கேட்டு, ஆகஸ்டில் விவாதத்துக்குக் கொண்டுவந்தார். கீழவை 17 திருத்தங்களை நிறைவேற்றியது. செனட் அவற்றை 12 ஆகச் சுருக்கியது. செப்டம்பர் 25-இல் அவற்றை மாநிலங்களுக்கு அனுப்ப முடிவாயிற்று.

திருத்தங்களை மூலச் சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே ஆங்காங்கே செருக வேண்டும் என்பது மாடிசனின் விருப்பம். ஷெர்மன் ஒப்பவில்லை, கையெழுத்திட்டு முடிந்த மூலத்தைத் தொடாதீர்கள், கடைசியில் தனியாகச் சேருங்கள் என்று வாதாடி வென்றார். சாசனமே வேண்டாம் என்றவர் செய்த பெரிய உபகாரம் இது. முதல் திருத்தம், நான்காம் திருத்தம் என்று இன்று ஓர் அமெரிக்கர் எண் சொல்லி உரிமை கோர முடிவது அதனால்தான்.

ஹாமில்டன் சொன்ன ஆபத்துக்கும் மாடிசன் வழி வைத்தார். இங்கே சில உரிமைகளை எழுதியிருப்பதாலேயே மக்களின் மற்ற உரிமைகள் இல்லையென்று பொருள் கொள்ளக் கூடாது என்கிறது ஒன்பதாம் திருத்தம். எதிராளியின் சரியான வாதத்தை எடுத்து அதையே சட்டமாக்கிய இந்தப் பண்பு எனக்கு மாடிசனிடம் மிகவும் பிடித்தது.

12-இல் முதல் இரண்டுக்கு அப்போது போதிய மாநிலங்கள் ஒப்புதல் தரவில்லை. ஒன்று கீழவையின் உறுப்பினர் எண்ணிக்கை பற்றியது, மற்றது உறுப்பினர்களின் ஊதியம் பற்றியது. மூன்றாவதாக இருந்த பேச்சு, பத்திரிகை, வழிபாட்டு உரிமை அப்படித்தான் முதல் திருத்தம் ஆயிற்று. ஊதியத் திருத்தம் கிடப்பில் கிடந்து, டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதைத் தோண்டியெடுத்து இயக்கம் நடத்த, 1992 மே மாதம் 27-ஆம் திருத்தமாக நிறைவேறியது. தேர்வில் கேட்கக்கூடிய செய்தி, மகன் குறித்துக்கொள்ளட்டும்.

1791 டிசம்பர் 15-இல் வர்ஜீனியாவின் ஒப்புதலோடு பத்துத் திருத்தங்களும் சட்டமாயின. விழா எதுவும் இல்லை. வெளியுறவு அமைச்சராகிவிட்ட ஜெஃபர்சன் 1792 மார்ச் 1-இல் ஆளுநர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், முதலில் மீன்பிடித் தொழில் பற்றிய சட்டம், அடுத்து அஞ்சல் நிலையங்கள் பற்றிய சட்டம், மூன்றாவதாகத்தான் இந்தத் திருத்தங்கள். அந்தக் காலத்தவர் இதை எவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்தச் சுற்றறிக்கையே சாட்சி.

ஏழாண்டு போவதற்குள் சோதனை வந்தது. பிரான்சோடு போர் மூளும் நிலை. ஜான் ஆடம்ஸ் ஆட்சியில் 1798 ஜூலையில் ராஜதுரோகச் சட்டம் வந்தது. அரசையோ நாடாளுமன்றத்தையோ குடியரசுத் தலைவரையோ அவதூறாக எழுதினால் சிறை. துணைத் தலைவரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அப்போதைய துணைத் தலைவர் எதிர்க்கட்சித் தலைவரான ஜெஃபர்சன். ஆடம்ஸைத் தாக்கி எழுதிய வெர்மான்ட் உறுப்பினர் மாத்யூ லையனுக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். வழக்கை விசாரித்தவர் வில்லியம் பேட்டர்சன். ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். முதல் திருத்தம் ஏட்டில் இருந்தது. நீதிபதிகளும் இருந்தார்கள். லையனைக் காப்பாற்ற எதுவும் உதவவில்லை. அவரைக் காப்பாற்றியவர்கள் வாக்காளர்கள். சிறையில் இருந்தபோதே அவரை மீண்டும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1800-இல் ஆடம்ஸ் தோற்றார். சட்டம் 1801 மார்ச்சில் காலாவதியானது. ஜெஃபர்சன் தண்டனை பெற்றவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

காகித வேலி பற்றிய மாடிசனின் பயம் பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த வேலிக்காகவே அவர் அப்போது போராடினார். 1800-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்காக அவர் எழுதிய அறிக்கை, பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி அந்த நாட்டில் எழுதப்பட்டவற்றில் தலைசிறந்தது என்பேன். இந்த அறிக்கைக்குத் திரும்பி வருகிறேன், நமக்கும் அதற்கும் உறவு இருக்கிறது.

உங்கள் மகனின் கேள்விக்கு வருவோம். அது சரியான கேள்வி. அதைச் சமாதானம் சொல்லி அடக்காதீர்கள். 1790 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஏறக்குறைய 7 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். மேசன் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஃபிலடெல்ஃபியாவில் கடுமையாகப் பேசினார். தன் பண்ணை அடிமைகளை விடுவிக்கவில்லை. மாடிசனின் கதை இன்னும் உறுத்துவது. 1783-இல் ஃபிலடெல்ஃபியாவில் பணி முடிந்து ஊர் திரும்பும்போது, தன்னோடு இருந்த பில்லி என்ற அடிமையை அவர் கூட்டிச் செல்லவில்லை. பென்சில்வேனியா சட்டப்படி ஏழாண்டு ஒப்பந்த வேலைக்கு அங்கேயே விற்றுவிட முடிவு செய்தார். தந்தைக்கு எழுதிய கடிதத்தில் காரணமும் சொன்னார். விடுதலையை அறிந்துவிட்ட பில்லி வர்ஜீனியாவில் மற்ற அடிமைகளோடு இனி ஒத்துவர மாட்டான். நாம் எதற்காக ரத்தம் சிந்தினோமோ அதே விடுதலையை அவனும் விரும்பினான் என்பதற்காக அவனைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையை இத்தனை தெளிவாகக் கண்ட மனிதர் தன் மற்ற அடிமைகளை 1836-இல் சாகும்வரை விடுவிக்கவில்லை. இதற்கு மன்னிப்பு இல்லை. காலம் அப்படி என்ற சமாதானமும் செல்லாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் அது தவறென்று அவரே எழுதியிருக்கிறார்.

சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மாடிசன் கொண்டுவந்த திருத்தங்களில் ஒன்று, எந்த மாநிலமும் மனச்சாட்சி உரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குற்ற வழக்கில் ஜூரி விசாரணையையும் மீறக் கூடாது என்றது. எல்லாவற்றிலும் இதுவே மதிப்புமிக்கது என்று அவர் சபையில் சொன்னார். செனட் அதை அடித்துவிட்டது. விளைவு, பத்துத் திருத்தங்களும் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. பால்டிமோர் நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதில் தன் படகுத்துறை மணல் மூடிப் பாழாகிவிட்டது என்று வழக்குப் போட்டவருக்கு, 1833-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்ன தீர்ப்பும் இதுதான்: இந்த உரிமைகள் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தா. தென் மாநிலங்கள் அடிமை முறைக்கு எதிரான எழுத்தைத் தடை செய்தபோது முதல் திருத்தம் அங்கே எட்டவில்லை.

ஆனாலும் அந்த வாசகங்களை எழுதியவர்கள் நினைக்காத கைகள் எடுத்துக்கொண்டன. அடிமை முறையை ஒழிக்கக் கோரி 1830-களில் ஆயிரக்கணக்கான மனுக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. கையெழுத்திட்டவர்களில் வாக்குரிமையே இல்லாத பெண்கள் ஏராளம். 1836 முதல் கீழவை அவற்றைப் படிக்காமலே ஒதுக்கிவைக்க விதி போட்டது. அந்த ராஜதுரோகச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆடம்ஸின் மகன், குடியரசுத் தலைவர் பதவியையும் வகித்து முடித்த ஜான் குவின்சி ஆடம்ஸ், சாதாரண உறுப்பினராக அங்கே உட்கார்ந்திருந்தார். மனுச் செய்யும் உரிமை முதல் திருத்தத்தில் இருக்கிறது என்று எட்டு ஆண்டு ஓயாமல் போராடி, 1844 டிசம்பரில் அந்த விதியை நீக்கவைத்தார். பிறகு உள்நாட்டுப் போர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1868-இல் வந்த 14-ஆம் திருத்தம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தியது. மாநிலங்களும் பேச்சுரிமைக்குக் கட்டுப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது 1925-இல். மாடிசன் இழந்த திருத்தத்தின் சாரம் கிடைக்க 136 ஆண்டு ஆயிற்று. முதல் திருத்தத்தின் பேரில் மத்திய அரசின் சட்டம் ஒன்றை அந்த நீதிமன்றம் முதன்முதலாக ரத்து செய்ததோ 1965-இல்தான்.

ஆகவே மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். எழுதியவரின் ஒழுக்கத்தைப் பார்த்து உரிமைக்கு மதிப்புப் போட்டால் உலகத்தில் ஒரு சட்டமும் தேறாது. கையெழுத்திட மறுத்த மேசனும், சிறைக் கம்பிக்குப் பின்னிருந்து பிரசங்கித்த பாப்டிஸ்டுகளும், வாக்குரிமை இல்லாமலே மனுவில் கையெழுத்திட்ட பெண்களும் சேர்ந்துதான் அந்த வாசகங்களுக்கு மதிப்பைக் கொடுத்தார்கள்.

இனி, நம் உறவு. 1950 மார்ச்சில், நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் வார இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே மாதம் வந்த தீர்ப்பு தடையை ரத்து செய்தது. அதை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், பின்னர் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். பேச்சுரிமையில் துஷ்பிரயோகத்துக்கும் இடமுண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக அந்த உரிமையையே வெட்டக் கூடாது என்று சொல்லும் இடத்தில் அவர் துணைக்கு அழைத்தது மாடிசனை. கெட்ட கிளைகள் சில இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றை வெட்டப்போய் நல்ல காய் காய்க்கும் கிளைகளின் வலுவைக் கெடுக்க வேண்டாம் என்ற அந்தக் கருத்து, ராஜதுரோகச் சட்டத்தை எதிர்த்து 1800-இல் மாடிசன் எழுதிய அதே அறிக்கையில் உள்ளது.

அடுத்த ஆண்டே, 1951-இல், நம் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்கும் காரணங்களில் பொது ஒழுங்கும் சேர்ந்தது. அமெரிக்காவின் முதல் திருத்தம் அந்த உரிமையைச் சட்டத்தில் ஏற்றியது. நம்முடையது அதன் எல்லையைக் குறுக்கியது. இதைப் பற்றி மகன் சொந்தமாகவே ஒரு முடிவுக்கு வரட்டும். ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம் என்ற அந்தத் தீர்ப்பு நீளமானதல்ல, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்வு முடியும்வரை காத்திராமல் இந்த வாரமே அவனோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.